பழைய மினி காருக்குப் புது ஸ்டீயரிங்



தோட்டப்புறத்தில் வளரும் இளைஞர்கள் பலருக்குப் பழைய கார்கள் மீது தனி ஆசை உண்டு. ஓடாமல் கிடந்த ஒரு மினியையோ மோரிஸ் மைனரையோ வாங்கி வந்து, வீட்டுப் பக்கத்தில் கூரை போட்டு நிறுத்தி, சம்பளம் வரும்போதெல்லாம் ஒரு சாமானாக வாங்கிப் போட்டு, அதை மீண்டும் ஓட வைக்கிறார்கள். நல்ல ஆசைதான். கூடவே கைத்தொழிலும் வந்துவிடுகிறது. அப்படிப்பட்டவர்கள் முதலில் மாற்ற நினைப்பது பெரும்பாலும் ஸ்டீயரிங்கைத்தான். பழைய பெரிய வளையத்தைக் கழற்றிவிட்டு, தோல் சுற்றிய சின்ன வளையம் ஒன்றை மாட்டினால் வண்டிக்கே ஒரு புதுக்களை வந்துவிடும். அரை மணி நேர வேலை என்றும் சொல்வார்கள். அந்த அரை மணி நேரத்தில் எங்கெங்கே கவனம் வேண்டும் என்பதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன். தாய்மார்களும் பெரியவர்களும்கூடக் கேளுங்கள். அந்த வண்டியில் ஏறிப் போகிறவர்கள் நீங்களும்தானே!

மினி கார் பிறந்த கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1956-ஆம் ஆண்டில் சூயஸ் கால்வாய் நெருக்கடியால் பிரிட்டனில் பெட்ரோல் தட்டுப்பாடு வந்தது. குறைந்த எண்ணெயில் ஓடும் சிறிய கார் ஒன்று தேவைப்பட்டது. பி.எம்.சி. நிறுவனத்தின் பொறியியலாளர் அலெக் இஸ்ஸிகோனிஸ் அதை வடிவமைத்தார். மோரிஸ் மைனரை உருவாக்கியவரும் அவர்தான். மினி 1959-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் விற்பனைக்கு வந்தது. பத்தடி நீளமே உள்ள வண்டி. பத்து அங்குலச் சக்கரங்கள். எஞ்சினைக் குறுக்காகத் திருப்பி வைத்து, முன் சக்கரங்களையே ஓட்டும் சக்கரங்களாகச் செய்திருந்தார். 2000-ஆம் ஆண்டு வரை ஐம்பது லட்சத்துக்கும் அதிகமான மினிகள் தயாராயின. அவற்றில் பல நம் நாட்டுச் சாலைகளிலும் ஓடின.

இந்த வண்டியின் பழைய ஸ்டீயரிங் வளையம் ஏறக்குறைய 16 அங்குலம். சின்ன வண்டிக்கு ஏன் இவ்வளவு பெரிய வளையம் என்று கேட்கலாம். வீட்டுக் கதவை அதன் கைப்பிடியில் தள்ளிப் பாருங்கள்; லேசாகத் திறக்கும். கீல் பக்கத்தில் தள்ளிப் பாருங்கள். பலமெல்லாம் போட வேண்டியிருக்கும். ஸ்டீயரிங்கும் அப்படித்தான். வளையம் பெரிதாக இருந்தால் கைக்குச் சுமை குறையும். 16 அங்குலத்தை எடுத்துவிட்டு 13 அங்குல வளையம் போட்டால், முன்பு ஐந்து கிலோ பலம் கொடுத்த இடத்தில் இப்போது ஆறு கிலோவுக்கு மேல் கொடுக்க வேண்டும். ஓடும்போது இது அவ்வளவாகத் தெரியாது. வண்டியை நிறுத்துமிடத்தில் மெல்லத் திருப்பும்போது நன்றாகத் தெரியும். மினியில் எஞ்சினின் பாரமும் முன் சக்கரங்களின் மேல்தானே இருக்கிறது! வயதான தகப்பனாரும் அந்த வண்டியை ஓட்டுவாரென்றால், 14 அங்குல வளையத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

அடுத்து, சாமான் வாங்குவது. கடையில் விற்கும் வளையம் நேராக ஸ்டீயரிங் தண்டில் உட்காராது. இரண்டுக்கும் நடுவே 'போஸ்' என்று பட்டறைக்காரர்கள் சொல்லும் ஓர் உலோகக் குமிழ் வேண்டும். அதன் உட்புறம் பல் பலாக இருக்கும். தண்டின் நுனியிலும் அதே போன்ற பற்கள் உண்டு. இரண்டும் அச்சாகப் பொருந்த வேண்டும். ஒரே மினி என்றாலும் ஆண்டுக்கு ஆண்டு இந்தப் பற்கள் மாறியிருக்கின்றன. ஆகவே வண்டியின் ஆண்டைச் சொல்லி, பழைய வளையத்தையும் கையில் கொண்டுபோய் ஒப்பிட்டு வாங்குங்கள். குமிழின் முகத்தில் வளையத்தை ஆறு திருகாணிகள் பிடிக்கும். அந்த ஆறு ஓட்டைகளும் அமைந்த வட்டம் சில வளையங்களில் 70 மில்லிமீட்டர், சிலவற்றில் 74 மில்லிமீட்டர். இந்த நான்கு மில்லிமீட்டர் வித்தியாசத்தைச் சரிக்கட்ட ஓட்டையை அரத்தால் ராவி அகலப்படுத்துகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அது கூடவே கூடாது. மர வளையம் வாங்கினால் வெடிப்பு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். 1996-ஆம் ஆண்டுக்குப் பிந்திய மினிகளில் ஸ்டீயரிங் நடுவில் காற்றுப்பை இருக்கக்கூடும். காற்றுப்பை உள்ள வண்டியில் நீங்களாகக் கை வைக்காதீர்கள்.

இனி வேலைக்கு வருவோம். வண்டியைச் சமதரையில், முன் சக்கரங்கள் நேராக இருக்கும்படி நிறுத்தி, கை பிரேக்கை இழுத்துவிடுங்கள். பேட்டரிக் கம்பியைக் கழற்றுங்கள். நடு மூடியை மெல்ல நெம்பி எடுத்தால் பெரிய நட்டு ஒன்று தெரியும். பழைய மினியில் எல்லாம் அங்குல அளவுதான். மில்லிமீட்டர் ஸ்பேனரைப் போட்டால் நட்டின் மூலைகள் தேய்ந்துவிடும். நட்டைத் தளர்த்துங்கள், ஆனால் முழுவதும் கழற்றாதீர்கள். இரண்டு மூன்று மறை பிடித்திருக்கட்டும். வளையம் திடீரென்று விடுபட்டால் முகத்தில் அடிக்கும். அதைத் தடுக்கத்தான் இந்த ஏற்பாடு. தண்டிலும் வளையத்திலும் ஓர் அடையாளக் கோடு போட்டுக்கொண்டு, வளையத்தை இரு கையாலும் பிடித்து ஆட்டி ஆட்டி உங்கள் பக்கம் இழுங்கள். வரவில்லையென்றால் துரு எண்ணெய் விட்டுக் காத்திருங்கள். அப்போதும் வராவிட்டால் பட்டறையில் 'புல்லர்' இரவல் வாங்குங்கள். சுத்தியலால் மட்டும் அடிக்காதீர்கள். தண்டின் மறை கெட்டுவிடும். விபத்தின்போது மடங்குவதற்கென்றே செய்த தண்டுள்ள வண்டிகளில் அதன் உட்பாகமும் சேதமாகிவிடும்.

இப்போது பற்களைத் துடையுங்கள். இந்த இடத்தில் என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 1979-ஆம் ஆண்டில் நான் ஒரு பட்டறையில் வேலை பழகிக்கொண்டிருந்தேன். தோட்டத்து லோரி ஓட்டுநர் ஒருவர், 'அண்ணே' என்றுதான் அவரைக் கூப்பிடுவேன், தம்முடைய மினிக்குச் சின்ன ஸ்டீயரிங் போடச் சொன்னார். முதலாளி வெளியே போயிருந்தார். நானே போட்டேன். பற்களின் இடுக்கில் பழைய கொழுப்பும் துருவும் இருந்தன. துடைக்காமலே குமிழை ஏற்றி, நட்டைப் பலங்கொண்ட மட்டும் இறுக்கினேன். கைக்கு இறுக்கமாகத்தான் இருந்தது. நாலு நாள் கழிந்தது. அழுக்கு நசுங்கி, குமிழ் உள்ளே இறங்கி, நட்டு தளர்ந்துவிட்டது. தொழிற்சாலைக்கு இறங்கும் சரிவில் வளையம் அவர் கையோடு வந்துவிட்டது. கை பிரேக்கை இழுத்தும் வண்டி கால்வாயில் இறங்கியது. பக்கத்தில் இருந்த அவர் மனைவிக்குக் கை முறிந்தது. பால் வெட்டும் கை அது. மூன்று மாதம் அவர் மரத்தடிக்குப் போகவில்லை. அண்ணன் என்னைத் திட்டவில்லை. "இனிமேல் பார்த்துச் செய், தம்பி" என்றார். அந்தச் சொல் இன்றும் என் காதில் இருக்கிறது.

ஆகவே, பற்களைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, துணியால் துடைத்து, உலோகம் பளிச்சென்று தெரிந்த பிறகே குமிழை ஏற்றுங்கள். அது கடைசி வரை இறங்கியதா என்று கண்ணால் பாருங்கள். பூட்டு வாஷரைப் புதிதாகப் போடுங்கள். எவ்வளவு இறுக்க வேண்டும் என்பது வண்டியின் கையேட்டில் இருக்கும். கைப்பலத்தை நம்பாமல் 'டார்க் ஸ்பேனர்' கொண்டு அந்த அளவுக்கு இறுக்குங்கள். பிறகு ஆறு திருகாணிகளையும் லோரிச் சக்கரம் மாட்டுவதுபோல எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். வளையம் கோணலாக நின்றால் நட்டைக் கழற்றி, குமிழை ஒரு பல் தள்ளிப் போடுங்கள். 48 பல் இருந்தால், ஒரு பல்லுக்கு ஏழரை பாகை திரும்பும். ஹாரன் பொத்தான் ஸ்டீயரிங் நடுவில் உள்ள வண்டியானால், அதன் கம்பி எங்கும் உரசாமல் இருக்க வேண்டும். உரசினால் ஹாரன் தானாகவே அலறும்.

வேலை முடிந்துவிட்டது என்று உடனே சாலைக்குப் போகாதீர்கள். இருக்கையில் உட்கார்ந்து வளையத்தை இழுத்துப் பாருங்கள், தள்ளிப் பாருங்கள். இரு பக்கமும் கோடி வரை திருப்புங்கள். முழங்கால் இடிக்கிறதா, ஹாரன் ஒலிக்கிறதா, திரும்பிய பின் இண்டிகேட்டர் தானாக அணைகிறதா என்று கவனியுங்கள். பிறகு ஆளில்லாத இடத்தில் மெதுவாக ஓட்டுங்கள். ஒரு வாரம் ஓடிய பிறகு நடு மூடியைத் திறந்து நட்டை மறுபடியும் சோதியுங்கள். அன்று நான் இந்தக் கடைசி வேலையைச் செய்திருந்தாலே அந்தக் கை முறிந்திருக்காது. வண்டியில் இப்படி மாற்றம் செய்யுமுன் சாலைப் போக்குவரத்து இலாகாவையும் காப்புறுதி நிறுவனத்தையும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வதும் நல்லது.

நேயர்களே, பால்மரத்தில் கத்தி ஒரு மயிரிழை ஆழமாகப் போனால் மரம் காயப்படும் என்பது உங்களுக்குத் தெரியும். அந்தக் கவனம் நம் மக்களின் கையில் தலைமுறை தலைமுறையாக இருக்கிறது. அதே கவனத்தை ஸ்பேனர் பிடிக்கும்போதும் வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் வேலை முடித்து வந்ததும் வீட்டுப் பெரியவர்கள் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "நட்டை மறுபடியும் பார்த்தாயா?"