புலியை மடக்கும் கணக்கு

ஒரு பக்கம் 3 புலி, மறுபக்கம் 15 ஆடு. புலி வெட்டும், ஆடு வெட்டாது. இப்படி ஏறுக்குமாறான இரண்டு படைகளை மோதவிட்டும் இரு பக்கமும் வெல்ல வழி வைத்திருக்கிறது நம் ஆடுபுலி ஆட்டம். பருத்தி ஏலம் நடக்கும் மல்லசமுத்திரத்தில் இதை ஆட, தரையில் கரிக்கோடும் 15 பருத்திக்கொட்டையும் 3 புளியங்கொட்டையும் போதும்.

உச்சியிலிருந்து நான்கு சாய்கோடுகள் இறங்கி அடிக்கோட்டில் முடியும். நடுவே மூன்று குறுக்குக் கோடுகள். அவற்றின் முனைகளை இருபுறமும் நெடுங்கோடு இணைக்கும். உச்சியில் 1, குறுக்கே 18, அடியில் 4 என மொத்தம் 23 புள்ளிகள். ஆடுகளை ஒவ்வொன்றாக வைக்க வேண்டும். எல்லாம் இறங்கும்வரை வைத்த ஆடு நகரக் கூடாது. புலிகளோ அதற்கு முன்பே நகரலாம். ஒட்டி நிற்கும் ஆட்டுக்கு அப்பால், அதே கோட்டில் இடம் காலியாக இருந்தால் தாண்டி வெட்டும். எத்தனை ஆடு போனால் புலிக்கு வெற்றி என்பது ஊருக்கு ஊர் மாறும். மூன்று புலிகளும் அசைய முடியாமல் அடைபட்டால் ஆட்டுக்கு வெற்றி.

ஆட்டுப் படையின் சூட்சுமம் காலி இடத்தில் இருக்கிறது. ஓர் ஆடும் சாகாமல் அத்தனையும் இறங்கிவிட்டால் பலகையில் மிஞ்சுவது 5 புள்ளிகள்தான். ஒவ்வொரு வெட்டும் புலிக்கு இன்னொரு இடத்தைத் திறந்துவிடும். எனவே தேர்ந்தவர்கள் முதல் ஆடுகளைக் கோடுகள் முடியும் மூலைகளில் வைப்பார்கள். அங்கே தாண்டிக் குதிக்க இடமில்லை. உச்சி, குறுக்குக் கோட்டுப் பகுதியின் நான்கு மூலைகள், அடிக்கோட்டின் இரு முனைகள் என அப்படி 7 புள்ளிகள் உண்டு.

உச்சியைத் தவிர மற்ற மூலைகள் புலிக்கு ஆகாது. உச்சிப் புலியை அடைக்க, அண்டையில் 4, குதிக்கும் இடங்களில் 4 என 8 காய்கள் வேண்டும். குறுக்குக் கோட்டு மூலையில் சிக்கிய புலிக்கு 4 போதும். பக்கத்தில் இன்னொரு புலி நின்றுவிட்டால் ஆட்டுக்கு வேலை இன்னும் குறையும், புலியைப் புலி தாண்ட முடியாதே! ஓர் ஆட்டைக் காவு கொடுத்துப் புலியை ஓரத்துக்கு இழுப்பது இதற்காகத்தான்.

வார்ஹாமர் போன்ற பொம்மைப் படை ஆட்டங்களில் வீரர்களுக்கு விலை வைத்து, இரு தரப்பையும் ஒரே மொத்தத்துக்குள் படை சேர்க்கச் சொல்வார்கள். இங்கே விலைப்பட்டியல் கிடையாது. கோடுகளும் விதிகளுமே தராசு. இதன் நேபாள உறவான பாக் சாலில் 4 புலி, 20 ஆடு, 25 புள்ளி. லிம் யூ ஜின், யூர்க் நீவர்கெல்ட் இருவரும் அதைக் கணினியில் ஆராய்ந்தார்கள். இரு தரப்பும் பிழையின்றி ஆடினால் சமனில்தான் முடியும் என்று தெரிந்தது.

மனிதர் ஆடும்போது பிழை வராமல் இருக்காது. அதனால் ஒரே பக்கம் ஆடி வென்றவரைக் கெட்டிக்காரர் என்று சொல்லிவிட முடியாது. அடுத்த ஆட்டத்தில் பக்கம் மாறி உட்காரட்டும், பார்க்கலாம்.