ஒன்றியத்திலிருந்து மாநிலம் வரை: ஓவியர், சிற்பிகளுக்குத் திறந்திருக்கும் வழிகள்

திண்டுக்கல்–நத்தம் சாலையில் உள்ள சாணார்பட்டி, அதே பெயரிலான ஊராட்சி ஒன்றியத்தின் தலைமையிடம். ஓவியக் காட்சிக்கூடங்களும் படங்களை விலைகொடுத்து வாங்குவோரும் பெரும்பாலும் இங்கிருந்து தொலைவிலுள்ள சென்னையில்தான் குவிந்திருக்கிறார்கள். ஆனால் ஓவியம், சிற்பம் தொடர்பான அரசு வாய்ப்புகளில் பல, ஒன்றிய அளவிலும் மாவட்ட அளவிலுமே தொடங்குகின்றன. இவற்றுள் பெரும்பாலானவை வயதோடு கட்டப்பட்டவை. பத்து வயதில் விண்ணப்பிக்க வேண்டியதைப் பதினைந்து வயதில் கேள்விப்பட்டால் பயனில்லை. ஆகவே வயது வரிசையில் அவற்றை அறிந்து வைத்திருப்பது பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் அவசியம்.

பள்ளிப் பருவம்

அரசுப் பள்ளி மாணவருக்கு முதல் மேடை, பள்ளிக் கல்வித் துறையின் கலைத் திருவிழா. 2022–23 கல்வியாண்டில் தொடங்கிய இப்போட்டிகள் பள்ளி, வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்று படிப்படியாக நடக்கின்றன. பாட்டு, நடனம், நாடகத்துடன் ஓவியம், களிமண் சிற்பம் போன்ற பிரிவுகளும் உண்டு. சாணார்பட்டி வட்டாரப் பள்ளி ஒன்றில் படிக்கும் பிள்ளை, வட்டாரப் போட்டியில் வென்றால் மாவட்டத்துக்கும் அங்கிருந்து மாநில மேடைக்கும் செல்லலாம்.

பள்ளிக்கு வெளியே, கலை பண்பாட்டுத் துறையின் சவகர் சிறுவர் மன்றங்கள் 5 முதல் 16 வயது வரையிலான பிள்ளைகளுக்கு ஓவியம் உள்ளிட்ட கலைகளைக் கற்றுத்தருகின்றன. குரலிசை, நடனம், ஓவியம் ஆகியவற்றில் வயதுப் பிரிவு வாரியாகப் போட்டிகளும் நடத்துகின்றன.

மத்திய அரசின் பண்பாட்டு வளங்கள் மற்றும் பயிற்சி மையம் 1982 முதல் வழங்கிவரும் கலைத்திறன் உதவித்தொகைக்கு 10 முதல் 14 வயது வரை உள்ளவர்கள் விண்ணப்பிக்கலாம். இசை, நடனத்தோடு ஓவியம், சிற்பம், கைவினை ஆகியவையும் இதில் அடங்கும். தேர்வானவர் தொடர்ந்து பயின்றால் உதவி நீளும். வயது வரம்பு மிகக் குறுகியது என்பதால், ஊரகப் பிள்ளைகள் எளிதில் தவறவிடும் வாய்ப்பும் இதுவே.

அரசுத் தேர்வுகள் இயக்ககம் நடத்தும் தொழில்நுட்பத் தேர்வுகளில் ஓவியத்துக்குக் கீழ்நிலை, மேல்நிலை என இரு நிலைகள் உண்டு. ஓவிய ஆசிரியர் பணியை நாடுவோர் நெடுங்காலமாகச் செல்லும் பாதை இது.

இவை எல்லாவற்றுக்கும் அடித்தளம் பள்ளியில் ஓர் ஓவிய ஆசிரியர் இருப்பது. 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளில் நூறு மாணவருக்கு மேல் உள்ள பள்ளிகளுக்கே பகுதிநேரக் கலை ஆசிரியரை வலியுறுத்துகிறது. தமிழ்நாட்டில் 2012-இல் ஓவியம், உடற்கல்வி, தொழிற்கல்விக்காக 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் மாதம் 5,000 ரூபாய் ஊதியத்தில் நியமிக்கப்பட்டனர். சிற்றூர்ப் பள்ளிகள் பலவற்றில் மாணவர் எண்ணிக்கை நூறைத் தொடுவதில்லை. சட்டத்தின் கணக்கில் வராத அந்தப் பிள்ளைகளுக்கும் வண்ணமும் தூரிகையும் கிடைக்க வழி காண்பது, போட்டிகள் நடத்துவதைவிட முதன்மையான வேலை.

பன்னிரண்டாம் வகுப்புக்குப் பின்

நுண்கலைப் பட்டம் பெற மூன்று அரசுக் கல்லூரிகள் முக்கியமானவை. சென்னை அரசு கவின் கலைக் கல்லூரி, அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் 1850-இல் தொடங்கிய ஓவியப் பள்ளியின் தொடர்ச்சி. மெரினாவில் நிற்கும் உழைப்பாளர் சிலையை வடித்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி இதன் முதல்வராக இருந்தவர். கும்பகோணம் அரசு கவின் கலைக் கல்லூரியின் வரலாறு 1887-இல் தொடங்குகிறது. இவ்விரண்டிலும் ஓவியம், சிற்பம், காட்சித் தொடர்பியல் ஆகியவற்றில் நான்காண்டுப் பட்டப்படிப்பு உள்ளது. சென்னையில் சுடுமண், துணி வடிவமைப்பு, அச்சுக்கலைப் பிரிவுகளும் உண்டு. 1957-இல் தொடங்கிய மாமல்லபுரம் அரசு கட்டடக்கலை மற்றும் சிற்பக்கலைக் கல்லூரி, ஆகம, சிற்ப நூல் மரபில் கல், மரம், உலோகம், சுதை ஆகியவற்றில் சிற்பமும் மரபு ஓவியமும் கோயில் கட்டடக்கலையும் கற்பிக்கிறது.

கவின் கலைக் கல்லூரிகளில் மதிப்பெண்ணுடன் வரைதிறனையும் சோதித்தே சேர்க்கிறார்கள். ஆகவே பொருள்களையும் மனித உருவத்தையும் நேரில் பார்த்து வரையும் பழக்கம் பள்ளி நாட்களிலேயே வேண்டும். அதற்குத் திண்டுக்கல் வட்டாரத்தில் இடத்துக்குப் பஞ்சமில்லை. மலைக்கோட்டையின் பாறையும் மதிலும், சிறுமலையின் அடிவாரமும் நிலக்காட்சிக்கு உகந்தவை. தாடிக்கொம்பு சௌந்தரராசப் பெருமாள் கோயிலின் ரங்க மண்டபத் தூண்களில் உள்ள உலகளந்த பெருமாள், ஊர்த்துவ தாண்டவர், அகோர வீரபத்திரர் சிற்பங்கள், உடலின் அசைவையும் அணிகலன் நுணுக்கத்தையும் கற்க விரும்புவோருக்குச் சிறந்த பாடம்.

இளைஞருக்கும் மூத்தோருக்கும்

மத்தியப் பண்பாட்டு அமைச்சகம் 18 முதல் 25 வயது வரையிலான இளங்கலைஞர்களுக்கு இரண்டாண்டுகள் மாதம் 5,000 ரூபாய் உதவித்தொகை அளிக்கும் திட்டத்தை வைத்திருக்கிறது. 25 முதல் 40 வயது வரை உள்ளோருக்கு இளநிலை ஆய்வுநல்கையும் 40-க்கு மேற்பட்டோருக்கு முதுநிலை ஆய்வுநல்கையும் உண்டு. இவற்றின் தொகை முறையே மாதம் 10,000, 20,000 ரூபாய். காண்கலைகள் இம்மூன்றிலும் இடம்பெறுகின்றன.

1954-இல் நிறுவப்பட்ட லலித் கலா அகாதெமியும் இளம் ஓவியர், சிற்பிகளுக்கு உதவித்தொகை தருகிறது. தேசியக் கலைக் கண்காட்சியையும் நடத்துகிறது. சென்னை கிரீம்ஸ் சாலையிலுள்ள அதன் மண்டல மையத்தில் காட்சிக்கூடங்களுடன் அச்சுக்கலை, சுடுமண், சிற்பப் பணிக்கூடங்களும் உள்ளன. சொந்தமாக அச்சு எந்திரமோ சூளையோ வாங்க இயலாத ஓவியருக்கு இவை பெரிய உதவி.

மாவட்ட ஆட்சியரைத் தலைவராகக் கொண்ட மாவட்டக் கலை மன்றம் ஐந்து விருதுகளை வழங்குகிறது. 18 வயது வரை கலை இளமணி, 35 வரை கலை வளர்மணி, 50 வரை கலைச் சுடர்மணி, 65 வரை கலை நன்மணி, அதற்கு மேல் கலை முதுமணி. ஓவியரும் சிற்பியும் இவற்றுக்கு விண்ணப்பிக்கலாம். மாநில அளவில், மூத்த ஓவியர்களுக்கும் சிற்பிகளுக்கும் கலை பண்பாட்டுத் துறை கலைச்செம்மல் விருது தருகிறது.

பிழைப்பு தரும் வேலைகள்

விருதும் உதவித்தொகையும் சிலருக்கே கிட்டும். ஊரிலிருந்தே வாழ நினைக்கும் கலைஞருக்கு நிலையான வருவாய் கோயிலிலும் சுவரிலும் இருக்கிறது. மரபுப்படி பன்னிரண்டு ஆண்டுக்கொரு முறை நடக்கும் குடமுழுக்கை ஒட்டிக் கோபுரச் சுதையைச் செப்பனிடவும் வண்ணம் தீட்டவும் ஆட்கள் தேவைப்படுகிறார்கள். ஐயனார் கோயில்களின் புரவி எடுப்புக்குச் சுடுமண் குதிரைகளை வேளார்கள் செய்கிறார்கள். பள்ளி, அங்கன்வாடிச் சுவர்களில் பாடப் படங்கள் வரையும் பணியும் கிடைக்கிறது. ஒரு காலத்தில் இவற்றைவிடப் பெரிய வேலையாக இருந்த பேனர், விளம்பரப் பலகை எழுத்து, பிளக்ஸ் அச்சு வந்தபின் சுருங்கிப்போனது. தூரிகையால் வீடு காத்த பலரை அது வேறு தொழிலுக்குத் தள்ளியது.

சிற்றூரில் இருந்துகொண்டே நாடறிந்தவர்கள் உண்டு. சென்னை ஓவியப் பள்ளியில் பயின்ற கொண்டையராஜு (1898–1976), நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை வரைந்து, பிறகு கோவில்பட்டியில் தங்கினார். அவரும் அவருடைய சீடர்களும் வரைந்த தெய்வப் படங்கள் சிவகாசி அச்சகங்களில் நாட்காட்டியாகி வீடுதோறும் சென்றன. பக்கத்து ஊரின் தொழிலோடு கலை இணைந்ததே அதற்குக் காரணம். திண்டுக்கல் வட்டாரத்தில் அத்தகைய இணைப்புக்கு இடமுள்ள ஊர், சேலைக்கும் சுங்குடிக்கும் பெயர்பெற்ற சின்னாளபட்டி. துணிக்கு வேண்டிய புதிய வடிவங்களை வரைந்து தரும் ஓவியருக்கு அங்கே வேலை உருவாக முடியும்.

கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் 1966-இல் சென்னைக்கு அருகே உருவான சோழமண்டலக் கலைஞர் கிராமமும் இதே வழியில்தான் எழுந்தது. ஓவியர்கள் பாத்திக் துணிகளும் கைவினைப் பொருள்களும் செய்து விற்ற பணம், நிலம் வாங்கவும் அன்றாடச் செலவுக்கும் உதவியது. ஓவியம் விலைபோகும் வரை காத்திருக்கும் வலுவை அது அவர்களுக்குத் தந்தது.

கைவினையைத் தொழிலாக நடத்துவோருக்குத் தமிழ்நாடு அரசு 2025-இல் கலைஞர் கைவினைத் திட்டத்தைத் தொடங்கியது. 35 வயது நிரம்பியோருக்கு 3 லட்சம் ரூபாய் வரை கடனும், அதில் 25 விழுக்காடு, அதிகபட்சம் 50,000 ரூபாய், மானியமும் அறிவிக்கப்பட்டன. பூம்புகார் எனப்படும் கைத்திறத் தொழில்கள் வளர்ச்சிக் கழகம், விற்பனை நிலையங்கள் நடத்துவதுடன், 65 வயது கடந்த கைவினைஞருக்கு வாழும் கைவினைப் பொக்கிஷம் விருதும் தருகிறது.

விண்ணப்பமும் உரிமையும்

எந்த வாய்ப்புக்கும் படைப்புகளின் தொகுப்பு தேவை. ஒவ்வொரு படத்தையும் பகல் வெளிச்சத்தில், நிழலும் சாய்வும் இன்றிப் படமெடுத்து, தலைப்பு, அளவு, ஊடகம், ஆண்டு ஆகியவற்றுடன் சேமிக்க வேண்டும். சுவர் ஓவியமும் சுதை வேலையும் இடத்தோடு கட்டுண்டவை என்பதால், முடித்த அன்றே படமெடுப்பது நல்லது. பரிசுச் சான்று, நாளிதழ்ச் செய்தி, வேலை கொடுத்தவரின் கடிதம் ஆகியவையும் தொகுப்பில் சேரும். தனியார் போட்டிகளில் நுழைவுக் கட்டணம் கேட்டால், யார் நடத்துகிறார்கள், யார் நடுவர்கள், முன்பு வென்றவர்கள் யார் என்று விசாரித்த பிறகே பணம் செலுத்த வேண்டும்.

1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, படைப்பு உருவான கணத்திலேயே பதிப்புரிமை பிறக்கிறது, பதிவு கட்டாயமில்லை. ஓவியரின் வாழ்நாளும் அதன் பின் 60 ஆண்டுகளும் அது நீடிக்கும். ஒரு விதிவிலக்கைக் கவனிக்க வேண்டும். பணம் கொடுத்து ஒருவர் வரையச் சொன்ன ஓவியத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், வரையச் சொன்னவரே பதிப்புரிமையின் முதல் உரிமையாளர். ஆகவே வேலையை ஏற்கும்போதே, படத்தை மறுபடி அச்சிட்டு விற்கும் உரிமை யாருக்கு என்பதை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குவது ஓவியருக்குப் பாதுகாப்பு. உரிமையைக் கொடுத்துவிட்டாலும், படைத்தவர் தாமே என்று கோரும் உரிமையையும் தம் பெயருக்கு இழுக்கு நேரும்படி படைப்பைச் சிதைப்பதைத் தடுக்கும் உரிமையையும் சட்டத்தின் 57-ஆம் பிரிவு ஓவியரிடமே விட்டுவைக்கிறது.