மூச்சும் ஓர் அமானிதமே



பெருநாள் நெருங்கினால் நம் வீடுகளில் கேட்டுக்கும் யன்னல் கம்பிக்கும் பெயின்ட் அடிக்கும் வேலை தொடங்கிவிடும். கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொண்டு மகன் ஸ்பிரே செய்வார். மூக்கை மூடியிருக்கிறாரே என்று நீங்களும் திருப்திப்படுவீர்கள்.

அந்தத் திருப்தி பிழையானது. ஸ்பிரே செய்யும்போது மிக நுண்ணிய பெயின்ட் துளிகளும் தின்னரின் ஆவியும் காற்றில் கலக்கின்றன. கைக்குட்டை நம்மைக் காக்காது. கொரோனாக் காலத்தில் நாம் அறிந்த என்95 கவசம் துளிகளைப் பிடிக்கும், ஆவியை விட்டுவிடும். ஆவியைப் பிடிக்கக் கரி அடங்கிய வடிகட்டி பொருத்திய றப்பர் கவசம் வேண்டும். அதன் முன்னால் துளிகளைத் தடுக்கும் வடிகட்டியும் இருக்க வேண்டும். பெயின்ட் ஆவிக்குரியதுதானா என்று கேட்டே வாங்குங்கள்.

நகப்பூச்சின் மேல் வுழூச் செய்தால் தண்ணீர் நகத்தை அடையாது அல்லவா? கவசமும் அவ்வாறே. அதன் ஓரம் தோலில் படியாவிட்டால் பயனில்லை. ஆகவே நீங்கள் அணிவதானால் முதலில் கவசம், அதன் பட்டிகளுக்கு மேல்தான் முக்காடு. தாடியின் மேலும் கவசம் படியாது. அதற்காக ஸுன்னத்தான தாடியை மழிக்கும்படி நான் கூறவில்லை. தாடியுள்ளவர் ஸ்பிரேயை விட்டுவிட்டு, நீரில் கரையும் பெயின்டைத் தூரிகையால் பூசட்டும்.

அணிந்ததும் வடிகட்டிகளை உள்ளங்கையால் மூடி மூச்சை உள்ளிழுத்துப் பாருங்கள். கவசம் முகத்தோடு ஒடுங்கி நின்றால் சரி. வேலையின்போது மணம் வந்தால் உடனே விலகி, வடிகட்டியை மாற்ற வேண்டும். வேலை முடிந்தால் காற்றுப் புகாத பையில் இட்டு வையுங்கள். வெளியே கிடந்தால் கரி வீணாகிவிடும்.

வாகனங்களுக்கு அடிக்கும், ஹாட்னர் கலக்கும் பெயின்ட் வீட்டில் வேண்டவே வேண்டாம். அதிலுள்ள ஐசோசயனேட் ஆஸ்துமாவை உண்டாக்கக்கூடியது. மணத்தைக் கொண்டு அதனை அறியவும் முடியாது.

எந்த ஸ்பிரே வேலையும் திறந்த முற்றத்தில் நடக்கட்டும். தின்னர் ஆவி தீப்பற்றும். அருகில் அடுப்போ சிகரெட்டோ இருக்கலாகாது. பிள்ளைகளும் கர்ப்பிணிகளும் தூர இருக்கட்டும்.

தன்னைத் தானே அழிவில் இட்டுக்கொள்வதை அல்குர்ஆன் (2:195) தடுக்கிறது. கேட் பளபளப்பது அழகுதான். அதை அடித்தவர் பெருநாள் தொழுகையில் இருமலின்றி நிற்பது அதைவிட அழகு. டின்னைத் திறக்கும் முன் கவசம் எங்கே என்று கேட்பவர் நீங்களாக இருங்கள்.