பத்து சென்டிமீட்டருக்குக் குறைந்த ஆமை

வண்ணமீன் கடைகளில் விரலளவு தண்ணீர் விட்ட கண்ணாடித் தொட்டியில் பச்சை நிற ஆமைக்குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கும். ஒவ்வொன்றும் மூன்று, நான்கு சென்டிமீட்டர்தான்; கண்ணுக்குப் பின்னால் ஒரு சிவப்புப் பட்டை. அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் படுகையிலிருந்து உலகமெங்கும் பரவிய சிவப்புக்காது ஆமை இது. நம் வயல் வாய்க்காலில் திரியும் பாலாமையை வீட்டில் வைத்திருந்தால் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். நட்சத்திர ஆமையை வைத்திருந்தாலும் அப்படியே. அச்சட்டத்தின் 2022-ஆம் ஆண்டுத் திருத்தமும் அதையொட்டி வந்த 2024 விதிகளும், அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் பட்டியலில் உள்ள வெளிநாட்டு உயிரினங்களை வளர்ப்போர் அரசிடம் பதிவு செய்யச் சொல்கின்றன. எல்லாவற்றுக்கும் பின்னால் உள்ள கவலை ஒன்றே: இந்த உயிரினம் அழிந்துவிடுமோ? சிவப்புக்காது ஆமைக்கு அந்த ஆபத்து இல்லை, ஆகவே பட்டியலிலும் அது இல்லை. உரிய அனுமதியின்றிக் கொண்டுவந்தால் விமான நிலையத்தில் சுங்கத்துறை பிடிக்கிறது. தப்பிக் கடைத்தொட்டிக்கு வந்துவிட்டாலோ, அதை வாங்கிப்போகும் வீட்டில் கைக்குழந்தை இருக்கிறதா என்று கேட்பாரில்லை. ஊர்வன விற்பனைக்கு நோயைக் கணக்கில் எடுக்கும் ஒரு விதி நமக்கு வேண்டும்; அதை ஆமைக்குஞ்சிலிருந்து தொடங்க வேண்டும்.

காரணம் சால்மொனெல்லா. ஆமை, ஓணான், பாம்பு போன்றவற்றின் குடலில் இந்தப் பாக்டீரியா அவற்றுக்கு எந்தத் தொந்தரவும் தராமல் குடியிருக்கிறது. பெரியவர்களுக்கு அது சில நாள் காய்ச்சலும் வயிற்றுப்போக்குமாகக் கழிந்துவிடலாம். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்கு, அதிலும் கைக்குழந்தைக்கு, இரத்தத்தில் கலந்து மூளையுறை வரை போகக்கூடும். 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ஆண்டுக்குச் சுமார் 2,80,000 பேருக்கு ஆமைகளால் இந்தத் தொற்று வந்ததாக மதிப்பிடப்பட்டது. முதலில் அங்கே தொற்றில்லை என்று சான்றிதழ் பெற்ற ஆமைகளை மட்டும் விற்கலாம் என்றார்கள். அது பலிக்கவில்லை. இன்று எச்சத்தில் கிருமி தென்படாத ஆமை அடுத்த வாரம் அதை வெளியேற்றும். ஒருமுறை பார்க்கும் சோதனைக்கு மதிப்பில்லை. கடைசியில் 1975-இல் ஓட்டின் நீளம் நான்கு அங்குலத்துக்கு, அதாவது சுமார் பத்து சென்டிமீட்டருக்குக் குறைந்த ஆமைகளை விற்கவே தடை வந்தது. பச்சைக்குழந்தை வாயில் போட்டுக்கொள்ள முடியாத அளவு அது. வேதனை என்னவென்றால் ஏற்றுமதிக்கு அந்தத் தடை இல்லை. தன் குழந்தைக்கு ஆகாது என்று ஒதுக்கியதை அந்த நாட்டுப் பண்ணைகள் லட்சக்கணக்கில் பிற நாட்டுக் குழந்தைகளுக்கு அனுப்பின.

கையை சோப்புப் போட்டுக் கழுவினால் போதாதா என்பார்கள். கழுவத்தான் வேண்டும். ஆனால் கிருமி தொட்டித் தண்ணீரில் இருக்கிறது. அந்தத் தண்ணீர் அடுப்படித் தொட்டியில் கொட்டப்படுகிறது. ஆமை ஊர்ந்த தரையில் குழந்தை தவழ்கிறது. ஆமையைத் தொடாத குழந்தைகளும் நோயுற்றிருக்கிறார்கள். கோழிக்கறியாலும் முட்டையாலும்தானே சால்மொனெல்லா அதிகம் வருகிறது என்ற கேள்வி நியாயமானது. கறியை நாம் வேகவைக்கிறோம். ஆமையைக் குழந்தை முத்தமிடுகிறது. சிங்கப்பூரைக் காட்டுவோரும் உண்டு. அங்கே வீட்டில் வளர்க்க அனுமதியுள்ள ஊர்வன இரண்டே இரண்டு. அவற்றில் ஒன்று சிவப்புக்காது ஆமை. அவ்வளவு கண்டிப்பான ஊரிலேயே கைவிடப்பட்ட ஆமைகள் குளங்களிலும் நீர்த்தேக்கங்களிலும் பெருகிக் கிடக்கின்றன என்பதையும் அவர்கள் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

தடை போட்டால் கள்ளச்சந்தை வளரும் என்பதுதான் வலுவான மறுப்பு. முழுத் தடைக்கு அது பொருந்தலாம், பத்து சென்டிமீட்டருக்குக் குறைந்த ஆமையை விற்கக் கூடாது என்று நான் கேட்கும் அளவு விதிக்கு அவ்வளவாகப் பொருந்தாது. கடத்தல் நடப்பதே உருப்படிகள் சிறியவை என்பதால்தான். 2023 ஜூலையில் கோலாலம்பூரிலிருந்து திருச்சி வந்த ஒரு பயணியின் பெட்டியில் 47 மலைப்பாம்புகளும் 2 பல்லிகளும் இருந்தன. உள்ளங்கையில் அடங்கும் ஆமைக்குஞ்சு என்றால் ஆயிரக்கணக்கில் பெட்டிக்குள் போகும். பத்து சென்டிமீட்டர் ஆமைகள் போகாது. அதிகாரிக்கும் ஆய்வகம் தேவையில்லை, ஒரு அடிக்கோல் போதும். குஞ்சின் அழகில் மயங்கி வாங்கி, முப்பது சென்டிமீட்டர்வரை வளரக்கூடியது என்று பிறகு தெரிந்து திகைப்போரும் குறைவார்கள். அப்படித் திகைப்பவர்கள்தான் ஆமையைக் குளத்தில் விடுகிறார்கள். காவிரி டெல்டாவில் ஒரு குளத்தில் விட்டது அந்தக் குளத்தோடு நிற்பதில்லை. வாய்க்கால் வழியே ஊர் ஊராகப் போய், நாகூர் அருகே கடலில் சேரும் வெட்டாறு வரை அதற்குப் பாதை இருக்கிறது. பாலாமையின் இரையையும் இடத்தையும் பங்குபோட வரும் இந்த விருந்தாளி, உலகின் மிக மோசமான 100 அயல் ஊடுருவிகளின் பட்டியலில் உள்ளது. கேரளத்தில் பீச்சியிலுள்ள வன ஆராய்ச்சி நிறுவனம் இத்தகைய ஆமைகளைப் பொதுமக்களிடமிருந்து வாங்கி வைக்கிறது. இங்கே அரசு கால்நடை மருத்துவமனைகள் அந்தப் பொறுப்பை ஏற்கலாம். கொண்டுவந்து ஒப்படைப்பவர் மீது வழக்கு இல்லை என்பதை விதியிலேயே எழுதிவிட வேண்டும். அந்த உறுதி இல்லாவிட்டால், பயந்தவர் இரவோடு இரவாகக் குளக்கரைக்குத்தான் போவார்.