உப்புக் காற்றில் ஏசி: திருகோணமலை வீடுகளுக்கான பராமரிப்பு

இலண்டனிலும் ரொறன்ரோவிலும் இருக்கும் நம் சொந்தங்கள், ஒக்டோபர் பிறந்ததும் வீட்டுப் பொய்லரை ஆள் பிடித்துப் பார்க்க வைத்துவிடுவார்கள். பனி கொட்டும் இரவில் அது நின்றால் என்ன பாடு என்பது அவர்களுக்குத் தெரியும். திருகோணமலையில் வீட்டைச் சூடாக்கும் தேவை எவருக்கும் இல்லை. சுடுதண்ணீர்தான் வேண்டுமென்றால் கன்னியாவில் ஏழு கிணறு இருக்கிறது. நமக்குப் பருவம் தலைகீழ். தென்மேற்குப் பருவக்காற்று மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டு இந்தப் பக்கம் இறங்கும்போது வறண்டு, சூடேறி, கச்சான் காற்றாக வந்து சேர்கிறது. வைகாசி, ஆனியில் பகல் வெக்கை 35 பாகையைத் தொடும் நாளாகப் பார்த்து ஏசி மக்கர் பண்ணும். அன்றைக்கு ஊரில் உள்ள எல்லா வீட்டாரும் அதே நாலைந்து ரிப்பேர்காரரைத் தேடி அலைவார்கள். மாரி மழை ஓய்ந்து கச்சான் தொடங்குவதற்கு இடைப்பட்ட மாசி, பங்குனிதான் நமக்கான பராமரிப்புக் காலம்.

ஏசி என்ன செய்கிறது என்பது பிடிபட்டால் பாதிக் கோளாறுகளுக்குக் காரணம் தானே விளங்கிவிடும். அது குளிரை உண்டாக்குவதில்லை. கிணற்றிலிருந்து தண்ணீர் இறைக்கும் பம்ப் போல, அறைக்குள் இருக்கும் வெப்பத்தை வெளியே இறைத்துக் கொட்டுகிறது. உள்ளே இருக்கும் சுருள் வெப்பத்தை வாங்குகிறது; செப்புக் குழாயில் ஓடும் காஸ் அதைச் சுமந்து போகிறது; வெளியே இருக்கும் பெட்டி அதைக் காற்றில் விடுகிறது. குளிர்நாடுகளில் இப்போது பரவிவரும் ஹீட் பம்ப் என்பதும் இதே இயந்திரம்தான். ஒரு வால்வைத் திருப்பினால் வெளியே உள்ள வெப்பத்தை வீட்டுக்குள் இறைக்கும். எந்தப் பக்கம் இறைத்தாலும் விதி ஒன்று: இரண்டு சுருள்களிலும் காற்று தடையின்றிப் போய்வர வேண்டும். தடை வந்தால் கொம்பிரசர் கூடுதலாக உழைக்கும், மின் பட்டியல் ஏறும், கடைசியில் ஏதோ ஒன்று எரியும்.

இனி நம் ஊரின் தனிப் பிரச்சினைக்கு வருவோம். திருகோணமலை நகரம் மூன்று பக்கமும் கடல் சூழ்ந்த நிலத்தில் இருக்கிறது. டைக் வீதியில் இருந்தால் கடல் வாசலில். உவர்மலையில் இருந்தால் உட்துறைமுகம் காலடியில். உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் அலைத்தூறல் நேரே யன்னலுக்கே வரும். வாடைக்காற்று வீசும் மார்கழி, தையில் உப்பு அதிகம் படியும். பிறகு வரும் வெயிலில் எல்லாம் காய்ந்துவிட்டது என்று நினைப்போம், உப்பு காய்வதில்லை. காற்றின் ஈரப்பதன் 75 வீதத்தைத் தாண்டினால் கறியுப்பு தானாகவே நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். கடலுப்போடு கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைட்டுக்கு 33 வீதமே போதும். அதாவது, கச்சான் வறட்சியிலும் உங்கள் அவுட்டோர் பெட்டியின் மேல் கண்ணுக்குத் தெரியாத உவர்நீர்ப் படலம் ஒன்று இருந்துகொண்டே இருக்கிறது.

அந்தப் பெட்டிக்குள் செப்புக் குழாயும் அதைச் சுற்றி மெல்லிய அலுமினியத் தகடுகளும் இருக்கின்றன. இரண்டு வேறு உலோகங்கள், நடுவே உவர்நீர்: ஒரு மின்கலத்துக்கு வேண்டிய அத்தனையும் அங்கே இருக்கிறது. இந்த மின்கலத்தில் கரைந்துபோவது அலுமினியம். பெட்டியின் பின்பக்கம் டோர்ச் அடித்துப் பாருங்கள். தகடுகளின் ஓரத்தில் வெண்மையாக மாவு பூத்திருந்தால் அரிப்பு தொடங்கிவிட்டது. விரலால் தொட்டதும் தகடு பொடியாக உதிர்ந்தால், அந்தச் சுருள் இனி அதிக நாள் தாங்காது. தகடு செப்பை விட்டு விலகிவிட்டால் வெப்பம் வெளியேற வழியில்லை. காஸ் முழுதாக இருந்தாலும் அறை குளிராது.

இங்கே பலர் செய்யும் ஒரு காரியம் எனக்குப் புரிவதேயில்லை. வெயில், மழை படாமல் இருக்கட்டும் என்று அவுட்டோர் பெட்டியைத் தாழ்வாரத்துக்குக் கீழே நெருக்கி மாட்டி, மேலே தகரமும் போடுகிறார்கள். நிழல் நல்லதுதான். ஆனால் மழை படாத இடத்தில் உப்பு கழுவப்படுவதில்லை. வருடக்கணக்கில் அப்படியே சேர்கிறது. கூரைக்குக் கீழே இருக்கும் பெட்டி, திறந்த வெளியில் மழையில் நனையும் பெட்டியை விட வேகமாக அரிபடலாம். அப்படி மாட்டியிருப்பவர்கள் மழை செய்யும் வேலையைத் தாங்களே செய்ய வேண்டும்.

அதாவது, கழுவ வேண்டும். முதலில் பிரேக்கரை அணையுங்கள். ரிமோட்டில் நிறுத்துவது போதாது. தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் சாதாரண ஹோஸ் போதும். வாகனம் கழுவும் உயரழுத்தப் பம்ப் தகடுகளை மடக்கிவிடும், அதைக் கிட்டவே கொண்டுபோகாதீர்கள். சுருளை மேலிருந்து கீழாக, தகடுகளின் போக்கிலேயே நனைத்து நிதானமாகக் கழுவுங்கள். வயர்கள் போய்ச்சேரும் பக்கவாட்டு மூடியில் தண்ணீர் பாய்ச்ச வேண்டாம். அதைத் திறக்கவும் வேண்டாம். இன்வேர்ட்டர் பெட்டிகளில் மின்சாரத்தை அணைத்த பிறகும் சில நிமிடங்களுக்கு உள்ளே ஆபத்தான மின்னழுத்தம் தங்கியிருக்கும். கடலோரத்தில் இருப்பவர்கள் மாதம் ஒருமுறையும், உள்ளே தள்ளி இருப்பவர்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறையும் இதைச் செய்தால் நல்லது.

தண்ணீரிலும் ஒரு கவனம் வேண்டும். கடலோர மணலில் வெட்டிய கிணறுகள் பலவற்றில், அதுவும் ஆவணி, புரட்டாசி வறட்சியில், தண்ணீர் உவராகிவிடும். அந்தத் தண்ணீரால் கழுவுவது உப்பை உப்பால் கழுவுவதுதான். வாயில் விட்டுப் பாருங்கள். கரித்தால் குழாய்த் தண்ணீரைப் பிடித்துக் கழுவுங்கள்.

புதிதாக வாங்குபவர்கள் கடையில் ஒரு கேள்வி கேட்கலாம்: சுருளில் அரிப்புத் தடுப்புப் பூச்சு இருக்கிறதா? நீல நிறத்திலோ பொன் நிறத்திலோ தகடு தெரியும். நிறத்தை மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம். நீலப் பூச்சு பெரும்பாலும் தண்ணீர் தங்காமல் வழிந்தோடுவதற்காகப் போடப்படுவது. கடலோரத்துக்கென்றே தயாரித்த பெட்டியா என்பதை உத்தரவாதப் பத்திரத்தில் பார்க்க வேண்டும். சில பத்திரங்களில் கடல் உப்பால் வந்த அரிப்புக்கு உத்தரவாதம் இல்லை என்று சிறிய எழுத்தில் இருக்கும்.

வீட்டுக்குள் இருக்கும் பகுதிக்கு வேலை குறைவு. முன்மூடியைத் தூக்கினால் இரண்டு வலைப் பில்டர் வரும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை குழாயடியில் கழுவி, நிழலில் நன்றாகக் காயவைத்து மாட்டுங்கள். ஈரத்தோடு மாட்டினால் பூஞ்சணம் பிடித்து, ஏசி போட்டதும் ஊறிய சாக்கு நாற்றம் வரும்.

உள் யூனிட்டிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது என்ற முறைப்பாடு மாரி காலத்தில் அதிகம். சுருளில் படியும் காற்றின் ஈரந்தான் அந்தத் தண்ணீர். புழுக்கமான இரவில் ஒரு படுக்கையறை ஏசி பல லீற்றர் தண்ணீரைக் காற்றிலிருந்து பிழிந்தெடுக்கும். ஏசி பிறந்ததே இந்த வேலைக்குத்தான். 1902இல் நியூயோர்க்கின் புரூக்ளினில் ஓர் அச்சகத்தில் ஈரத்தால் காகிதம் விரிந்து சுருங்கி நிறங்கள் ஒன்றின்மேல் ஒன்று பொருந்தாமல் போனதால், ஈரத்தைக் கட்டுப்படுத்த வில்லிஸ் கேரியர் வகுத்த அமைப்பிலிருந்து வந்ததே இது. அந்தத் தண்ணீர் வெளியே போகும் குழாயில் பாசியும் தூசியும் சேர்ந்தால் அடைத்துக்கொள்ளும். வெளிமுனையில் குளவி மண்கூடு கட்டியிருப்பதும் உண்டு. வெளிமுனையைச் சுத்தம் செய்து ஊதிவிட்டால் பெரும்பாலும் சரியாகும். முனையில் கொசுவலைத் துண்டு ஒன்றைக் கட்டிவிட்டால் குளவி திரும்ப வராது. மழை நாளில் வெக்கை குறைந்து புழுக்கம் மட்டும் இருந்தால், ரிமோட்டில் நீர்த்துளிப் படம் போட்ட உலர்நிலையைப் பாவியுங்கள்.

அடுத்தது, கோளாறின் குறியைப் படிப்பது. இரவில் நன்றாகக் குளிர்ந்து மத்தியானத்தில் மட்டும் தள்ளாடினால், பெரும்பாலும் வெளிச் சுருளில் அழுக்கோ உப்போ அடைத்திருக்கும், கழுவிப் பாருங்கள். உள்ளே பனிக்கட்டி பிடித்தால் குளிரூட்டலை நிறுத்தி, வெறும் விசிறியை ஓரிரு மணித்தியாலம் ஓடவிட்டு, பில்டரைக் கழுவிவிட்டு மறுபடி போடுங்கள். பில்டர் சுத்தமாக இருந்தும் பனி பிடித்தால் சுருள் அடைத்திருக்கலாம், அல்லது காஸ் கசிகிறது. வெளிப் பெட்டி உறுமிவிட்டு நின்றுபோனால் கெப்பாசிட்டர் போயிருக்கலாம். சின்னச் சாமான்தான், ஆனால் மின்சாரம் தெரிந்தவரே மாற்ற வேண்டும். பெட்டி முழுக்கச் சத்தமே இல்லையென்றால் போர்டுக்குள் பல்லி புகுந்து கருகியிருப்பதும் இங்கே புதினமில்லை. ட்ரிப் சுவிட்ச் ஒருமுறை விழுந்தால் தூக்கிப் பார்க்கலாம். திரும்பவும் விழுந்தால் தூக்காதீர்கள். ஈரமும் உப்பும் சேர்ந்த இடத்தில் மின்கசிவு விளையாட்டில்லை.

இத்தனை காரணங்கள் இருக்க, ரிப்பேர்காரர் வாயிலிருந்து முதலில் வருவது பெரும்பாலும் ஒன்றுதான்.

“அக்கா, காஸ் முடிஞ்சிட்டுது. அடிச்சா சரியாயிடும்.”

“போன வருசமும் இதைத்தானே தம்பி சொன்னீங்க?”

அக்கா கேட்பது நியாயம். ஏசியில் காஸ் முடியாது. மோட்டார் சைக்கிளில் பெற்றோல் எரிவது போல அது செலவாகும் பொருள் கிடையாது. மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது. இருபது வருடமானாலும் அதே காஸ் ஓட வேண்டும். குறைந்திருக்கிறது என்றால் எங்கோ ஓட்டை இருக்கிறது. ஓட்டையை அடைக்காமல் காஸ் அடிப்பது அடுத்த வருடமும் அதே காசைக் கொடுப்பதற்கான ஒப்பந்தம்.

ஓட்டையைத் தேடும் வேலையில் பாதியை நீங்களே செய்யலாம். காஸ் கசியும்போது கொம்பிரசர் எண்ணெயும் கூடவே கசியும். வெளிப் பெட்டியின் பக்கத்தில் செப்புக் குழாய்கள் வந்து சேரும் நட்டுகளைப் பாருங்கள். அங்கே மட்டும் தூசி கறுத்து, எண்ணெய்ப் பிசுக்கோடு ஒட்டியிருந்தால் அதுதான் இடம். சவர்க்கார நுரையைத் தடவினால் குமிழி கிளம்பும். எங்கள் ஊரில் அந்த நட்டுகளில் உப்பு ஏறி வெடிப்பு விடுவது சாதாரணம்.

காஸ் போட்டே ஆக வேண்டும் என்றால், பெட்டியில் ஒட்டியிருக்கும் பட்டியைப் படியுங்கள். எந்த வகை, எத்தனை கிலோ என்று அதில் அச்சிட்டிருக்கும். பழையவற்றில் ஆர்-22, பிறகு வந்தவற்றில் ஆர்-410ஏ, இப்போது ஆர்-32. ஒன்றுக்குப் பதில் இன்னொன்றைப் போடக்கூடாது. ஓசோனைக் கெடுக்கும் ஆர்-22, 1987இன் மொன்றியல் உடன்படிக்கையின்படி படிப்படியாக விலக்கப்பட்டு வருகிறது. புவியைச் சூடாக்கும் ஆற்றலில் ஒரு கிலோ ஆர்-410ஏ 2,088 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். ஆர்-32க்கு அது 675. ஆர்-32 மெல்லத் தீப்பற்றக்கூடியது, ஆகவே அதைக் கையாள்பவர் பக்கத்தில் சிகரெட்டுக்கு இடமில்லை. வேலைக்கு வருபவர் கையில் தராசும் வக்கும் பம்பும் இருக்கிறதா என்று பாருங்கள். குழாயைத் திறந்த பிறகு உள்ளே போன காற்றையும் ஈரத்தையும் வக்கும் பம்பால் இழுக்காமல் காஸ் அடித்தால், புதிய பெட்டிகளின் எண்ணெய் அந்த ஈரத்தை உறிஞ்சி அமிலமாகும். கொம்பிரசர் உள்ளிருந்தே கெடும். கேஜைப் பார்த்துக் கைக்கணக்கில் அடிப்பவரை விட நிறுத்து அடிப்பவர் நல்லவர்.

செலவுக் கணக்கையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 12,000 பீடியூ ஏசி முழு வேகத்தில் சுமார் 1 கிலோவாற் இழுக்கும். இரவில் எட்டு மணித்தியாலம் அப்படியே ஓடினால் 8 அலகு, மாதத்துக்கு 240. வீட்டு மின் கட்டணத்தில் 180ஐத் தாண்டும் அலகுகளுக்கு விலை மிக அதிகம். இன்வேர்ட்டர் வாங்குவதே அறை குளிர்ந்ததும் வேகத்தைக் குறைக்கத்தான். உப்படைத்த சுருளோடு அது குறைக்கவே முடியாமல் முழு வேகத்தில் ஓடும். 16 பாகையில் வைத்துப் போர்வைக்குள் சுருள்வதையும் விடலாம். இந்தியாவில் 2020 ஜனவரி 1 முதல் நட்சத்திரக் குறியுள்ள அறை ஏசிகள் 24 பாகையிலேயே தொடங்க வேண்டும் என்று விதி வந்தது. கூரை விசிறி சேர்ந்து சுழன்றால் நம் வீட்டுக்கு 26 தாராளம்.

மாடி வீட்டுக்காரர்களுக்கு ஒரு வேலை மிச்சம் இருக்கிறது. அவுட்டோர் பெட்டியைச் சுவரில் தாங்கி நிற்கும் இரும்புப் பிராக்கெட்டும் அதன் போல்ட்டுகளும் இதே உப்பில்தான் கறள் பிடிக்கின்றன. பெயின்ற் உப்பி நிற்கும் இடத்தைச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். தகடு தகடாகக் கழன்றால் உடனே மாற்றுங்கள். மாற்றும்போது 316 தர ஸ்ரெயின்லெஸ் போல்ட் கேட்டு வாங்குங்கள். கடல் உப்பை 304ஐ விட நன்றாகத் தாங்கும். 2020 டிசெம்பர் 2 இரவு புரெவிப் புயல் திருகோணமலைக்கு வடக்கே கரையேறியது. அப்படியான காற்றுகள் மறுபடியும் வரும். முப்பது கிலோ பெட்டி ஒன்று உங்கள் மாடியிலிருந்து வீதியைப் பார்த்துத் தொங்குகிறதென்றால், புரட்டாசி முடிவதற்குள் அந்தப் போல்ட்டுகளைப் பார்த்துவிடுங்கள்.