உறையாத தயிர்ச் சட்டி

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, சூரியன் படுகின்ற திசையில் கிடப்பதனால் படுவான்கரை என்று பெயர்பெற்ற பிரதேசத்திலே, ஒரு வீட்டுத் தாய் விடியற்காலையில் தயிர்ச் சட்டியின் வாய்க்கட்டை அவிழ்த்து மெல்லச் சரித்துப் பார்த்ததை நான் அருகிலிருந்து கண்டிருக்கிறேன். தடித்த ஆடை படர்ந்து, அகப்பையால் வெட்டினால் துண்டு துண்டாக வரவேண்டிய எருமைத் தயிர், அன்று வெறும் பாலாகவே சட்டியின் விளிம்பை நோக்கி ஓடிற்று. உறைமோர் பிழைத்ததோ, கண்ணூறு பட்டதோ என்று அவர் கலங்கினார். இரண்டுமில்லை, மடி வீங்கிய எருமையொன்றுக்குக் காம்பின் துளை வழியே ஏற்றியிருந்த பெனிசிலின் மருந்தே காரணம்.

1928ஆம் ஆண்டில் அலெக்சாண்டர் பிளெமிங் ஒரு பூஞ்சணத்திலே கண்டறிந்த அம்மருந்து, பற்றீரியாவைச் சூழ்ந்துள்ள சுவரை அது புதுக்கிக்கொள்ளவொட்டாமல் தடுக்கின்றது. வளர வளரச் சுவர் நலிந்து, உள்ளமுக்கம் தாங்காது கிருமி வெடித்து அழிகின்றது. மிருக தேகத்தின் உயிரணுக்களுக்கு அத்தகைய சுவரே இல்லையாதலால் அவற்றை அது தீண்டுவதில்லை. ஆனால் மடியழற்சியை உண்டாக்கும் கிருமிகளுள் ஒன்றும், பாலைத் தயிராக்கும் கிருமிகளுள் ஒன்றும் ஸ்ரெப்ரோகொக்கசு என்னும் ஒரே குலத்திற் பிறந்த தாயாதிகள் என்பதுதான் இவ்விஷயத்தின் விசித்திரம். மடியிலே ஒருவனைக் கொன்ற ஔஷதம், பாலோடு இறங்கி வந்து சட்டியிலே மற்றவனையும் கொல்கின்றது. அமிலம் சுரக்க ஆளில்லாத பாலில் புரதம் திரள்வது எங்ஙனம்? காய்ச்சினால் தீரும் என்று நம்புவோர் உளர். காய்ச்சும் சூட்டில் பெனிசிலின் முற்றாக அழிவதில்லை.

பாலைச் சோதிக்கும் ஆய்வுகூடங்களில், வெப்பத்தை விரும்பும் ஒரு பற்றீரியாவின் வித்துக்கள் அடங்கிய ஊதா நிறக் கூழில் சில துளி பாலை இட்டு, 64 பாகைச் சூட்டில் ஏறக்குறைய மூன்று மணி நேரம் வைப்பார்கள். மருந்தில்லையேல் வித்துக்கள் முளைத்து அமிலம் சுரக்க, ஊதா மஞ்சளாகும். மருந்திருப்பின் ஊதா ஊதாவாகவே நிற்கும். மண்சட்டி இரவெல்லாம் செய்து முடிப்பதும் இதே பரிசோதனைதான் என்று எண்ணுந்தோறும் என் உள்ளம் பூரிக்கின்றது. எனினும் சட்டி அத்துணைக் கூரியதன்று. ஒரு கிலோகிராம் பாலில் 4 மைக்ரோகிராமுக்கு மேல் பெனிசிலின் இருத்தலாகாது என்பது சர்வதேச உணவு நியமமாகிய கோடெக்ஸின் வரம்பு. அவ்வரம்பைச் சற்றே கடந்த பாலும் தயிராக உறைந்துவிடக் கூடும். அதனை உண்போருள் பெனிசிலின் ஒவ்வாதவர்களும் இருப்பார்கள். சிறுகச் சிறுக மருந்துக்குப் பழகிய கிருமிகளோ அதற்கு அஞ்சாத சந்ததியைப் பெருக்கும்.

ஆகவே மிருக வைத்தியர் குறித்துக் கொடுக்கும் நாள்கள் கழியும்வரை மருந்தேற்றிய எருமையின் பாலை விலக்கியே வைத்தல் வேண்டும். பல பட்டிகளின் பால் ஒரே பாத்திரத்திற் கலக்குமிடத்தில் ஓர் எருமையின் பாலே எல்லாச் சட்டிகளையும் கெடுக்கப் போதும். வருமானம் குறைந்த குடும்பத்துக்கு அது சிறிய நஷ்டமன்று என்பதை நான் அறிவேன். அந்தத் தாய், மருந்தேற்றிய எருமையின் கொம்பிலே ஒரு சிவப்புத் துணியைக் கட்டினார். மறுநாள் முதல் அதனை எல்லா எருமைகளுக்கும் பின்னரே, வேறொரு வாளியிற் கறந்து, பட்டியின் ஓரத்துக் குழியிலே கொண்டுபோய்க் கொட்டினார்.