தொலைபேசியில் எதிரொலியும் குரற் சுருக்கமும்

மலைச்சாரலில் நின்று கூவுவோன் தன் குரல் மீண்டு வரக் கேட்டு மகிழ்வான். தொலைபேசியிற் பேசுவோனுக்கோ அஃது இன்பந் தருவதன்று. தான் கூறிய சொல் அரைச் செக்கன் கழித்துத் தன் காதிலேயே வந்து விழுமாயின் அவன் நாத் தடுமாறும். மற்றவர் பேசுகின்றார் எனக் கருதி நிறுத்துவான். அவரும் அவ்வாறே நிறுத்த, இருவரும் வாளாவிருப்பர். பின் இருவரும் ஒருங்கே தொடங்குவர். முறை வைத்துப் பேசுவதே உரையாடல். அம்முறை குலைந்தபின் குரல் எத்துணைத் தெளிவாயிருந்தும் பயனில்லை.

இவ்வெதிரொலி எங்ஙனம் பிறக்கின்றது? செப்புக் கம்பித் தொலைபேசியில், வீட்டுக்கும் தொலைபேசி நிலையத்துக்கும் இடைப்பட்ட கம்பிகள் இரண்டே. போகும் குரலும் வரும் குரலும் அவ்விரண்டிலேயே செல்லும். நெடுந்தூர வழியிற் குரல் தேயுமாதலின் இடையிடையே பெருக்கிகள் வேண்டும். பெருக்கி ஒரு திசையிலேயே தொழிற்படுவது. ஆகவே போக்கிற்கு ஒரு சோடி, வரவிற்கு ஒரு சோடி என வழி நான்காகும். இரண்டும் நான்கும் கூடுஞ் சந்தியில் அமைந்த சுற்று ஹைபிரிட் எனப்படும். வருங் குரலை வீட்டுக் கம்பியிற் செலுத்துவதும், அது போக்குப் பாதையிற் புகாது தடுப்பதும் அதன் கடமை. இதற்கு வீட்டுக் கம்பியின் மின்னியல்பை முற்றும் ஒத்த சமனிடுஞ் சுற்றொன்று வேண்டும். ஒரு வீட்டுக் கம்பி நெடிது, மற்றொன்று குறிது. எல்லாவற்றுக்கும் ஒருங்கே பொருந்துவதொன்றை அமைத்தல் அரிது. எனவே குரலில் ஒரு சிறு கூறு கசிந்து, பேசியவரிடமே மீளும். எதிரொலியாற் துன்புறுவார் ஒருவர். அதனைத் தோற்றுவிக்குஞ் சந்தியோ மற்றவர் ஊரில் உள்ளது!

இக்கசிவு உள்ளூர் அழைப்பிலும் உண்டு. ஆயின் ஏறத்தாழ 25 மில்லிசெக்கனுக்குள் மீளும் ஒலியைக் காது தனியே பிரித்தறிவதில்லை. எதிரொலியைப் பகைவனாக்குவது தாமதமே. 1920களில் இதற்கு எதிரொலி அடக்கி வந்தது. ஒருவர் பேசுகையில் மறுதிசைப் பாதையை அது அடைத்துவிடும். மற்றவர் இடைமறித்தாற் சொற்கள் வெட்டுண்ணும். நிலவழிக்கு இது போதுமாயிருந்தது. பிற்காலத்தில் இலங்கையில் வாழ்ந்த ஆதர் சி. கிளார்க் 1945இல் எழுதிய செய்மதித் தொடர்பு 1965இல் ஏர்லி பேர்ட் வாயிலாக நனவாயிற்று. அப்போது குரல் 35,786 கிலோமீற்றர் ஏறி அவ்வளவும் இறங்க வேண்டியதாயிற்று. ஒருவழிக்குக் காற் செக்கன். எதிரொலி மீள அரைச் செக்கன். அடக்கி இதனைத் தாங்கவில்லை.

வழியை அடைப்பதை விடுத்து, எதிரொலியை மட்டுங் கழித்தல் கூடாதா? பெல் ஆய்வுகூடத்தில் ஜோன் கெல்லி, பெஞ்சமின் லோகன் ஆகியோர் இதனை எண்ணினர். மன்மோகன் சோந்தி 1967இல் விரிவாக எழுதினார். சந்தியை நோக்கிச் செல்லுங் குரலின் படியொன்றை எதிரொலி நீக்கி எடுத்துக்கொள்ளும்; எதிரொலி எவ்வாறிருக்குமெனக் கணித்து, மீளும் ஒலியிலிருந்து கழிக்கும்; எஞ்சிய பிழையைக் கொண்டே தன் கணிப்பைத் திருத்திக்கொள்ளும். இருவரும் ஒருங்கே பேசும்போது, மற்றவர் குரலைப் பிழையெனக் கொண்டு மயங்காதவாறு கற்றலை நிறுத்திவைத்தலும் வேண்டும். 1980ஆம் ஆண்டளவில் இக்கருவி முழுவதும் ஒரு சில்லில் அடங்கிற்று.

இனிக் குரற் சுருக்கம். குரலை இலக்கமாக்கும் வழக்கமான முறையில் செக்கனுக்கு 8,000 மாதிரிகள், ஒவ்வொன்றுக்கும் 8 பிட், ஆக 64,000 பிட் வேண்டும். கடலடிக் கம்பியில் இடம் அரிது. 1960இல் அத்திலாந்திக் வழியில் அமைத்த ஒரு முறை, ஒருவர் வாளாவிருக்கும் இடைவெளியை மற்றொருவர் பேச்சுக்கு ஈந்து, வழிகளை ஏறத்தாழ இரட்டிப்பாக்கிற்று. வழி கிடைக்குமுன் முதலசை வெட்டுண்டதும் உண்டு. பின்வந்தோர் அலையை அனுப்பாது, குரல்வளையும் வாயும் அதனை ஆக்கும் விதத்தை மட்டும் எண்களால் அனுப்பினர். 1996இல் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் ஏற்ற ஜி.729 முறைக்கு 8,000 பிட் போதும், எட்டில் ஒன்று!

ஆயின், விவரிப்பதற்கு முன் கேட்டாக வேண்டும். அம்முறை 10 மில்லிசெக்கன் பேச்சைத் திரட்டி, மேலும் 5 மில்லிசெக்கன் முன்னோக்கிப் பார்த்த பின்னரே தொழிற்படும். கணிக்கும் நேரமும் அனுப்பும் நேரமும் அதனோடு சேரும். அயலூர் அழைப்பும் கடல்கடந்த அழைப்புப் போலாகி, முன் மறைந்திருந்த எதிரொலி வெளிப்படும். 1992இல் வந்த ஜி.728 முறை 0.625 மில்லிசெக்கன் பேச்சையே திரட்டுவது. தாமதம் மிகக் குறைவு. ஆனால் 16,000 பிட் கேட்கும். கம்பியில் மிச்சப்படுத்தியது காலத்திற் செலவாகின்றது.

ஆதலால் குரலைச் சுருக்குங் கருவியுடன் எதிரொலி நீக்கியும் ஒருங்கே அமைதல் வேண்டும். அதன் இடமும் முக்கியம்: ஹைபிரிட்டுக்கும் சுருக்கிக்கும் நடுவே நிற்றல் வேண்டும். சுருக்கி, அலையின் வடிவை அவ்வாறே காப்பதில்லை. அதற்கப்பால் நின்று கழித்தாற் கணக்குப் பொருந்தாது.

முழுவதும் இலக்கமுறையான கைத்தொலைபேசியில் ஹைபிரிட் இல்லை. எதிரொலி மட்டும் உண்டு. ஒலிபெருக்கியின் ஓசை சுவரிற் பட்டு ஒலிவாங்கியிற் புகும். கதவொன்று திறந்தாலும், பேசுவோன் சற்று நகர்ந்தாலும், நீக்கி மீண்டுங் கற்க வேண்டியதாகின்றது.